பூத்த வீட்டு முகம்

நெடுவிளையில் அந்த மாசியில், பருவம் தப்பிப் பெய்த ஒரு மழைக்குப் பிறகு, எந்த வீட்டுக் கொல்லையில் பூத்த பூவை அந்த வீட்டு அடுப்பிலேயே வேகவைத்துத் தின்றாலும், மறுநாள் விடியும்போது தின்றவர் முகத்தில் அந்த வீட்டு அடையாளம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்தது எழுந்து போகவும் இல்லை. ஏன் அப்படி என்று ஊரில் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. மழை பெய்தது, பூ பூத்தது, முகம் மாறியது, அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் எல்லோருக்கும் அவரவர் வேலை இருந்தது.

பூ என்றால் தலையில் வைக்கிற பூ இல்லை, தின்கிற பூ. தேரிக்காட்டு ஓரத்துச் செம்மண்ணில் வேறென்ன பெரிதாக விளைந்துவிடப் போகிறது? வேலியோரம் அகத்தி, கிணற்றடியில் வாழை, கூரைமேல் பூசணிக்கொடி, வாசலில் முருங்கை, தெருமுனையில் வேம்பு. முருங்கைப்பூவைப் பாசிப்பருப்போடு சேர்த்து வேகவைப்பார்கள், பூசணிக்கொடியில் காய் பிடிக்காத ஆண்பூவாகப் பார்த்துப் பறித்து மாவில் முக்கிப் பொரிப்பார்கள், வேப்பம்பூவைக் காயவைத்து நெய்யில் கருக வறுத்து ரசத்தில் போடுவார்கள். விற்கிற பழக்கம் மட்டும் கிடையாது. தின்கிற பூவை விற்பது அந்த ஊரில் தாய்ப்பாலை விற்கிற மாதிரி. வீட்டுக்குத் தேவைக்கு மேல் பூத்தால் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கேயும் மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குப் போகும். அப்படிப் பச்சையாக வாங்கித் தன் வீட்டில் சமைத்துத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூத்த வீட்டிலேயே வெந்ததைத் தின்றவர்களுக்குத்தான் முகம் மாறியது.

முதலில் எல்லாம் ஒரே கூத்தாகத்தான் இருந்தது. தம்பி முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்த பரமார்த்தலிங்கத்துக்கு ஒரு காலையில் மூக்கு தம்பி வீட்டு மூக்காக வளைந்து நிற்க, மனிதர் பின்வாசல் வழியாகப் போய்த் தம்பி பெண்டாட்டி கையால் வாழைப்பூ வடை தின்றுவந்தது சந்தி சிரித்தது. தபால்கார வீட்டில் எல்லோருக்கும் கன்னத்தில் குழி விழும். நிச்சயமான பெண்களை எல்லாம் தாய்மார் அங்கே விருந்துக்கு அனுப்பி அனுப்பி, பாவம், அந்த வீட்டு முருங்கை மொட்டை மரமாகிவிட்டது. ரேஷன் கடை மெஷின் முகத்தைக் காட்டினால் 'ஆள் வேறு' என்று துப்பியது, கடைக்காரர் இரண்டு நாள் திட்டிவிட்டுப் பழையபடி கைரேகைக்கே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் போட்டோக்காரரை வரவழைத்து எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி படம் பிடித்தார்கள். பங்குனி பிறப்பதற்குள் இதெல்லாம் பழகிப்போய், சளி பிடிப்பதைப் பேசுகிற மாதிரி முகம் மாறுவதைப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

சிரிப்பெல்லாம் தெருவுக்குள் இருந்தவரைதான். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் ஒரு முள்வேலி ஓடுகிறது. கீழத்தெருவிலிருந்து பச்சையாக எது வந்தாலும் மேலத்தெரு வாங்கிக்கொள்ளும். கீரை வாங்கும், காய் வாங்கும், பூ வாங்கும். அடுப்பில் ஏறி இறங்கியது ஒரு பருக்கை வரக் கூடாது, ஒரு மிடறு தண்ணீர் வரக் கூடாது. இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேலியை ஒட்டிக் கீழத்தெருப் பக்கம் இருந்தது வெள்ளத்தாய் வீடு. ஊரிலேயே அவள் கொல்லை அகத்திதான் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தள்ளும். அவள் வீட்டு அடையாளம் இடது புருவம்: நடுவில் வகிடு எடுத்த மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், அவளுக்கும், மகனுக்கும், மகள் மாரிக்கனிக்கும். அந்தப் பங்குனியில் மேலத்தெரு ஆண்பிள்ளைகள் சிலர், பனங்கள்ளுக்குப் பிறகு நாக்குக்குக் காரமாகத் தேடி இருட்டில் வேலி தாண்டுகிறவர்கள், இடது புருவத்தில் கண்மை தீட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளை என்றால் அப்படி இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

மேலத்தெரு வடிவுக்கு, சண்முகவடிவு என்பது முழுப்பெயர், இதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு உலகம் என்று இருந்தது ஒரே மகள் ஆவுடை, பிளஸ் டூ படிக்கிறவள். புருஷனின் தம்பி ஐயம்பெருமாள்தான் இப்போது பங்காளிகளுக்கெல்லாம் தலைக்கட்டு. வெள்ளை வேட்டி கசங்காமல், குரல் உயராமல் பேசுகிற மனிதர். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேன் பேசுவதைப் பற்றிச் சொல்ல அவர் ஒருநாள் மத்தியானம் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆவுடை மோர் கொண்டுவந்து நீட்டும்போது, நெற்றி வியர்வை இறங்கி இடது புருவத்து மையைக் கரைக்க, கரைந்த மை கன்னத்தில் கோடாக வடிய, புருவம் நடுவில் ஒரு நெல் அளவுக்கு வழிவிட்டு வெட்டவெளிச்சமாக நின்றது. அவர் பார்த்தார். அவர் பார்த்ததை வடிவு பார்த்தாள். அவர் மோரைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "நல்ல மோரு மதினி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் வடிவு மகளைப் பளாரென்று அறைந்தாள்.

"ஏட்டி, வீட்டுல சோறு இல்லையா உனக்கு? பசிச்சா இங்க வரத் தெரியாதா?"

"மாரிக்கனி கூடக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேம்மா. அவ அம்மா அகத்திப்பூ வதக்குனாங்க, உள்ளியும் வத்தலும் போட்டு. வாசனை ஆளைத் தூக்குச்சு. கேட்டேன். குடுக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் சட்டியில கையை விட்டு எடுத்துத் தின்னேன்."

"ஏன்ட்டி இப்படிப் பண்ணுன?"

"பசிச்சுது."

இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வது? பசித்தது, தின்றாள் என்றால் மேலத்தெருவில் நாய்கூட நம்பாது. வெள்ளத்தாய்க்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். கோயம்புத்தூரில் லாரிப் பட்டறையில் வேலை, ஊர்ப்பக்கம் வந்தே மாதக்கணக்காகிறது, ஆவுடையை அவன் நேருக்கு நேர் பார்த்துப் பேசியிருப்பானா என்பதே சந்தேகம். ஆனால் என்ன, அப்படி ஒருவன் இருக்கிறான் இல்லையா, ஊருக்கு அது போதும்.

மறுநாள் ஐயம்பெருமாள் மறுபடி வந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு பொட்டலம். ஆவுடை பள்ளிக்கூடம் போயிருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மதினி, போன வருஷம் பக்கத்து ஊர்ல அந்த டீச்சர் மவளுக்கு வயித்துவலி வந்து போயிட்டால்லா, ஞாபகம் இருக்கா?"

அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி இல்லை என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும்.

"வயித்துவலி யாருக்கும் வரும். உத்திரத்தன்னைக்குச் சாஸ்தா கோயில்ல நாம பங்காளிக எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோம். சாப்பிட்டு வீட்டுக்கு வரும்போது உங்க வீட்டுல ஒரு எலை கொறஞ்சிருக்கணும். நீங்களே பாத்துக்கிட்டா பதவிசா முடிஞ்சுரும். நாங்க பாக்குறதா இருந்தா, அந்த வேலியோரத்து வீட்டையும் சேத்துப் பாக்க வேண்டியிருக்கும்."

"கொழுந்தனாரே, அது உங்க அண்ணன் பிள்ளை..."

"அதனாலதான மதினி இவ்வளவு மரியாதையாச் சொல்லுதேன்."

பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். பிரித்தால் செவ்வரளி. நெடுவிளையில் எல்லார் கொல்லையிலும் பூத்து, யாரும் வாயில் வைக்காத பூ அது ஒன்றுதான்.

வடிவு அதைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்ட அண்ணன், "நீ பிள்ளையை வளத்த லட்சணம்" என்று சொல்லிவிட்டு வைத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றால் பஸ் நிறுத்தத்தில் ஐயம்பெருமாளின் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், போலீசுக்குப் போகலாமா என்றால் போலீசு ஐயம்பெருமாள் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. பெற்று, பாலூட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்த பிள்ளைக்குத் தன் கையாலேயே அரளியைப் போடச் சொல்கிறான் பாவி என்று வடிவு கொதித்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொன்னான்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு? பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் இதையே கேட்டுக் கேட்டு, கேட்ட கேள்வியிலிருந்தே அவளுக்கு வழி தெரிந்தது.

உத்திரத்துக்குச் சாஸ்தாவுக்குப் பூக்கறி படைப்பது அந்தக் குடும்பத்து மூத்த மருமகளின் பொறுப்பு. அதாவது வடிவின் பொறுப்பு. அன்று காலையில் தலை முழுகி, ஈரம் சொட்டச் சொட்ட, மண்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளத்தாய் வீட்டு வேலிக்குப் போய் அகத்திப்பூவைப் பச்சையாக வாங்கிவர வேண்டும். போகிற வழியிலும் வருகிற வழியிலும் யாரும் அவளோடு பேசக் கூடாது, எதிரே வரக் கூடாது. வந்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து கதவை அடைத்துக்கொண்டு தனியாகச் சமைத்து, உப்புக்கூட ருசி பார்க்காமல், வாழையிலையால் வாயைக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சாமி சாப்பிடும்வரை அந்தப் பானைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணும் பார்க்காது. எந்தப் புண்ணியவான் இந்த வழக்கத்தை உண்டாக்கினானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

உத்திரத்தன்று வெயில் விழுந்தும் விழாத நேரத்தில் வெள்ளத்தாய் கூடை நிறையப் பூவோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வடிவு கூடையை வாங்கவில்லை. முள்ளை விலக்கி, சேலை கிழிய, உள்ளே வந்துவிட்டாள்.

"தாயீ! என்ன காரியம் பண்ணுதீக? யாராவது பாத்தா..."

"யாரும் பாக்க மாட்டாங்க. இன்னைக்கு ஊரே செவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கும். அடுப்பைப் பத்தவையி. உன் அடுப்புலதான் வேகணும்."

வெள்ளத்தாய்க்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்தாள். அறைக்குள்ளே துணிமூட்டை கட்டி வைத்திருந்தது. அவளும் ஓடத்தான் இருந்தாள் போல.

"என் வீட்டைக் கொளுத்திருவாங்க தாயீ. எனக்கும் பொட்டப்பிள்ளை இருக்கு. உங்க மவளுக்கு நான் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன், சத்தியமாச் சொன்னேன்."

"தெரியும். அவ சொன்னா."

"பெறகு எதுக்கு எங்களை இதுல இழுக்கீக? மேலத்தெருவே தின்னுட்டு, தின்ன வாயைத் தொடச்சுட்டு, வைக்கோப்படப்புல தீயை வச்சுட்டுப் போகும்."

"கொளுத்த வரணும்னா எந்த முகத்தோட வருவாங்க?"

வெள்ளத்தாய் தன் புருவத்தைத் தடவிக்கொண்டாள். மாரிக்கனி கதவோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாமிக்குப் படைக்கிறது தாயீ. சாமி கோவிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீக?"

"கோவிச்சா என் தலையில விழட்டும்" என்றாள் வடிவு. "அக்கா, எனக்கு வேற வழி தெரியலை. ஒரே பிள்ளை அக்கா."

பிறந்தது முதல் மேலத்தெருவில் யாரும் வெள்ளத்தாயை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் எழுந்து போய் அடுப்பில் சுள்ளியைச் செருகினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பூக்காம்பைக் கிள்ளி, கசக்கும் நடு நரம்பை உருவிப் போட்டார்கள். வடிவுக்கு விரல் ஓடவில்லை, வெள்ளத்தாய் அவள் பங்கையும் சேர்த்து உருவினாள். சின்ன வெங்காயம் வதங்கி, மிளகாய் வத்தல் நெடி ஏறி, பூ சுருண்டு, தேங்காய் விழுந்தது. பானையில் அள்ளிப் போட்டு இலையால் வாயைக் கட்டியதும் வடிவு ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, நின்றபடியே கடகடவென்று குடித்தாள்.

பச்சைப் பூவுக்குக் கனம் இல்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. வெந்த பூவுக்கு மூன்றும் இருந்தது. சும்மாட்டுத் துணியைத் தாண்டி உச்சந்தலை வெந்தது, இலை ஓரத்தில் ஆவி கசிந்து ஈரத் தலைமுடியோடு கலந்தது. தெரு முழுக்க முதுகு. வாசல் தெளித்தவள் முதுகு, பால் கறந்தவன் முதுகு, பல் விளக்கிக்கொண்டிருந்த பரமார்த்தலிங்கத்தின் முதுகு. தெருக்குழாய்ப் பக்கம் வெள்ளை வேட்டி முதுகு ஒன்று நின்றது. அவள் தாண்டும்போது அந்த முதுகு நிமிர்ந்தது. ஐயம்பெருமாள் மூக்கை உறிஞ்சினார்.

"மதினி, என்ன வாசம்..." என்று சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்து, பேசக் கூடாது என்பது நினைவு வந்து, நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வடிவு நிற்கவில்லை. நின்றிருந்தால் விழுந்திருப்பாள்.

வீட்டில் கதவை அடைத்து, புகை தெரிய வேண்டுமே என்று வெறும் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினாள். கொதிக்கிற தண்ணீர் முன்னால் உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆவுடை தாயின் உச்சந்தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டாள். "நீ பயப்படாதட்டி" என்றாள் வடிவு, தன் பல் அடித்துக்கொள்வது மகளுக்குக் கேட்கிறது என்று தெரிந்தும்.

பனங்காட்டு நடுவில் சாஸ்தா கோயில். பூசாரி கொம்பையா திரையை இழுத்து, பூக்கறியைச் சாமிக்கு வைத்து, மணி அடித்துத் திரையை விலக்கினார். பிறகு பந்தி. மேலத்தெரு முழுக்கப் பங்காளி வீடுகள்தான், அத்தனையும் வரிசையாக இலை போட்டு உட்கார, முதல் இலை ஐயம்பெருமாளுக்கு. வடிவு குனிந்து பூக்கறியை வைத்தாள். அவர் கை நகரவில்லை. இலையைப் பார்த்தார், தள்ளி உட்கார்ந்திருந்த ஆவுடையைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் ஒரே பானைதானா மதினி?"

"சாமிக்கு வச்ச பானைதான் எல்லாருக்கும்."

"அப்ப மொதல்ல நீங்க ஒரு வாய் வைங்க."

பந்தியே திரும்பிப் பார்த்தது. வடிவு பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள். இனிப்பும் சிறு கசப்புமாக இறங்கியது. அவள் செத்து விழவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு அவரும் பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டவர் மறுபடி கேட்டு வாங்கினார். இந்த வருஷம் பூக்கறிக்குக் கை மணம் வேறாக இருக்கிறதே என்று ஆளாளுக்குச் சப்புக்கொட்டி, பானையைச் சுரண்டித் தின்றார்கள். கண் எடுக்காமல் ஐயம்பெருமாள் ஆவுடையையே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்வாள் என்று. அவள் பாயசம்வரை சாப்பிட்டு இலையை மடக்கினாள்.

கை கழுவுகிற இடத்தில் அவர் பக்கத்தில் வந்து நின்றார். "எலை கொறையலையே மதினி."

"விடியட்டும் கொழுந்தனாரே. விடிஞ்ச பெறகு எண்ணுங்க."

விடிந்தது. முதல் கூச்சல் ஐயம்பெருமாள் வீட்டிலிருந்தே வந்தது, அவர் பெண்டாட்டி உலகம்மாள் கண்ணாடி முன்னால் நின்று போட்டது. பிறகு வீட்டுக்கு வீடு. தொட்டில் பிள்ளையைத் தவிர மேலத்தெருவில் ஒரு இடது புருவம் முழுசாக இல்லை. பெட்டிக்கடையில் கண்மை தீர்ந்து, மை டப்பாவுக்கு அடிதடி நடந்தது. ஏற்கெனவே பிரிந்திருந்தவர்கள் மட்டும் நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். மை கிடைக்காத ஐயம்பெருமாள், கையில் அரிவாளும் பின்னால் பத்துப் பதினைந்து ஆட்களுமாக வடிவு வீட்டு வாசலில் வந்து நின்றார். வேட்டி கசங்கியிருந்தது.

"எங்கட்டி வேக வச்ச?" மதினி போய்விட்டது, மரியாதை போய்விட்டது.

வடிவு நிலைப்படியில் குறுக்கே நின்றாள். பயம் என்னவோ இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "எங்க வெந்துச்சுன்னு உங்க மூஞ்சியிலயே இருக்கு. ஒரு எலை கொறையணும்னீங்களே, எண்ணுங்க. உங்க வீட்டு எலையை எண்ணுங்க, இந்தா நிக்காங்களே, இவங்க வீட்டு எலையை எல்லாம் எண்ணுங்க. கொறைக்கணும்னா எல்லாத்தையும் கொறைங்க."

பின்னால் நின்றவர்கள் தங்களை அறியாமல் புருவத்தைத் தொட்டுக்கொண்டார்கள். ஐயம்பெருமாள் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை.

"நாங்க தெரியாமத் தின்னோம். உன் மவ தெரிஞ்சு தின்னா."

ஆமாம், அதுதானே என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. இந்த ஒரு பேச்சை வடிவு நினைத்தே பார்த்திருக்கவில்லை. அவர் படியில் காலை வைத்தார். உள்ளே ஆவுடை எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் கொம்பையாவின் மொபெட் தெருமுனையில் திரும்பி, அலறிக்கொண்டு வந்து, கூட்டத்துக்குள் புகுந்து நின்றது. "சாமிக்கு எண்ணெய் தேச்சேன்" என்றார் பூசாரி, மூச்சு வாங்க. "தேக்கும்போது விரல் தடுக்குச்சு. வந்து பாருங்க. எனக்குச் சொல்லத் தெரியலை."

கூட்டம் அப்படியே, வழியில் உலகம்மாளும் மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்ள, கோயிலுக்கு நடந்தது, வடிவையும் ஆவுடையையும் நடுவில் விட்டுக்கொண்டு. கருங்கல் சாஸ்தா எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தார். இடது புருவம் நடுவில் ஒரு நெல் அளவுக்குப் பிரிந்திருந்தது. உளி பட்ட தடம் இல்லை, உடைந்த கூர் இல்லை. வழவழவென்று, செதுக்கின நாளிலிருந்தே அப்படித்தான் என்பது போல இருந்தது.

உலகம்மாள்தான், புருஷனைப் பார்க்காமல், சாமியைப் பார்த்துச் சொன்னாள்: "தெரியாமத் தின்னோம்னு நாம சொல்லிரலாம். சாமிக்குத் தெரியாமலா இருக்கும்?"

அரிவாள் மெல்ல இறங்கியது. அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் பார்த்திருக்க வேண்டும், மனிதர்களுக்கு எவ்வளவு சாமர்த்தியம்! சாமிக்கு ஆதியிலிருந்தே புருவம் இப்படித்தான், எண்ணெய்ப் பிசுக்கில் தெரியாமல் போயிற்று என்றார் ஒருவர். நம்ம வம்சத்துக்கே உள்ள அடையாளம்தான் இது, நடுவில் மறைந்து இப்போது திரும்ப வந்திருக்கிறது என்றார் பரமார்த்தலிங்கம். அப்படியானால் கீழத்தெருவில் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரோ கேட்க, எப்போதாவது நம் கோயில் பிரசாதத்தைத் தின்றிருப்பார்கள், வேறெப்படி என்று உடனே பதில் வந்தது. பேசப் பேச முகங்கள் தெளிந்தன. மையை அழித்துவிட்டுப் புருவத்தை நிமிர்த்திக்கொண்டார்கள்.

"வம்சத்துலயே மொதல்ல சாமி குறி போட்டது யாருக்கு?" என்றார் கொம்பையா. எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள். சற்று முன்புவரை அவள் சாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். சாமி குறித்த பிள்ளை, சாமி குறித்த பிள்ளை என்று பேச்சு பரவி, பூசாரி திருநீற்றுத் தட்டை அவள் கையில் கொடுக்க, தலைக்கட்டு முதலில் விழ வேண்டும் என்று எல்லோரும் ஐயம்பெருமாளுக்கு வழிவிட்டார்கள். அவர் நின்றார். பின்னால் பங்காளிகள் அத்தனை பேரும் நின்றார்கள். அரிவாளைத் தூணோரம் சாத்தி வைத்துவிட்டு அவர் அண்ணன் மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பிழைத்தோம் என்று நினைத்தாள் வடிவு. திருநீற்றைப் பூசிவிடுட்டி, வாயைத் திறக்காதே, பூசிவிட்டு வந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஆவுடை குனிந்து அவர் நெற்றியில் பூசினாள். பூசிவிட்டுக் கையை எடுக்காமல், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சித்தப்பா, இன்னைக்கு மத்தியானம் நான் மாரிக்கனி வீட்டுல சாப்பிடுதேன். முன்வாசல் வழியா போறேன். நேத்து சாமி சாப்பிட்டது அவங்க அம்மா சமைச்சதைத்தான்."

தூணில் சாத்திய அரிவாள் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஐயம்பெருமாள் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கன்னம் மண்ணில் பட, எல்லோரும் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிய, ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார்.

"சாப்பிடும்மா" என்றார் தரையைப் பார்த்து.

வடிவு கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் மகளின் கையைப் பிடித்தாள். "நானும் வாரேன்ட்டி" என்றாள்.